பக்கத்தில் படுத்தவரைக் கேட்கவும்

1

இந்தக் கதை ஒரு வயிற்றுப்போக்கில் பிறந்தது. யாருடைய வயிறு என்பதை மூடி மறைத்து அழகாக ஒரு தொடக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. என்னுடையதுதான். எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயத்தை உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஆனால் சொந்தக்காரர்களுக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல்தான் இதற்குக் கதை என்று பெயர் வைத்திருக்கிறேன். கட்டுரை என்றால் உண்மையா என்று கேட்பார்கள். கதை என்றால் நன்றாக இருக்கிறதா என்றுதான் பேச்சு வரும், அதற்குப் பதில் சொல்லாமல் நழுவிவிடலாம்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் படிக்காமல் தூக்கிப் போடுவது, அதை எழுதுகிறவன் நான். தலைசுற்றல், வாந்தி, நாவறட்சி என்று பக்கவிளைவுகளை வரிசைப்படுத்திப் பிழைக்கிறேன். (என் மனைவி சொல்வது: "நீங்க எழுதினதுலயே அதிகமா அச்சானது அதுதான். அதையும் யாரும் படிக்கல.")

2

தொடக்கம், முதல் முயற்சி:

'பொன்வெயிலில் பனிச்சிகரங்கள் தகதகத்தன. அவன் நெஞ்சம்—

இந்த இடத்தில் மாமனார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் எங்களோடுதான் இருக்கிறார். "எங்க தகதகன்னுச்சு? நாம பாத்ததெல்லாம் மேகமும், முன்னால போன குதிரையோட பின்பக்கமும்தானே மாப்பிள்ளை?"

அடித்துவிட்டேன். இரண்டாம் முயற்சி:

'மலை மனிதனுக்குப் பணிவைக் கற்றுத்தரு—

இது நான் எழுதியது இல்லை, கை தானாக எழுதியது. மலை எனக்குக் கற்றுத்தந்தது கூடாரத்தின் ஜிப்பை அவசரமாகத் திறப்பது ஒன்றைத்தான்.

மூன்றாம் முயற்சி கீழே. இதற்கு மேல் என்னால் ஆகாது.

3

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் ஒருவரும் படியேறக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் உழைத்தவர், ஓய்வு பெற்ற கையோடு மலையேற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவரும் மகளும் போவதாக ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் மகளுக்கு, அதாவது என் மனைவிக்கு, அலுவலகத்தில் விடுப்பு இல்லை என்றார்கள். அவள் இடத்தில் நான் ஏற்றப்பட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நானும் அவரும் பேசிக்கொண்டதெல்லாம் "சாப்பிட்டீங்களா?", "ஆச்சு மாமா" அவ்வளவுதான். அப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே கூடாரத்தில் படுக்கப் போட்டார்கள்.

வழியனுப்ப வந்தவள் என்னைத் தனியே இழுத்து, "அப்பாவப் பாத்துக்கங்க. முடியலன்னா வாயத் திறந்து சொல்ல மாட்டார்" என்றாள். பிறகு அவரைத் தனியே இழுத்து ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினார்.

4

எங்கள் வழிகாட்டி ஒரு பெண்மணி. முதலில் எழுதியபோது அவருக்குக் கூரிய கண்களும் ஆழ்ந்த மௌனமும் கொடுத்திருந்தேன். வாசித்துப் பார்த்தால் காலண்டர் படம் மாதிரி இருந்தார். எனவே நிஜத்தில் அவருக்கிருந்த ஜலதோஷத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாலைத் தேநீரின்போது எல்லாருடைய உடல்நிலையையும் விசாரிப்பார். ஆனால் யாரிடமும் அவரவர் உடம்பைக் கேட்க மாட்டார்.

"மேல போகணும்னு வந்தவங்க தன் உடம்பப் பத்தி உண்மையே பேச மாட்டாங்க. அதனால பக்கத்துல படுத்தவங்களத்தான் கேப்பேன்" என்று சொல்லித் தும்மினார். "சொல்லுங்க, உங்க மாமனார் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்."

"ஐயா, உங்க மாப்பிள்ளை?"

"கல்லு மாதிரி இருக்கார்மா."

கல்லாம். நான் எங்கள் கூடாரத்துக்கும் கழிப்பறைக் கூடாரத்துக்கும் நடுவே புதிதாக ஒரு ஒற்றையடிப் பாதையே போட்டிருந்தேன். காரணம் ஓடைத் தண்ணீர். சுத்திகரிப்பு மாத்திரையைப் போடப் போனவனை, "ஓடுற தண்ணிக்கு எதுக்கு மருந்து? குடிங்க மாப்பிள்ளை, தேனா இருக்கு" என்று தடுத்தவர் அவர். கிருமிகளின் பெயர்களை எழுதிச் சோறு தின்கிறவன் நான். இருந்தாலும் மாமனார் நீட்டிய தம்ளரை எப்படித் தட்டுவது? குடித்தேன். அவரும்தான் குடித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குடலை எதில் செய்தார்களோ.

[எச்சரிக்கை: மரியாதையை அப்படியே பருக வேண்டாம். நன்கு கொதிக்க வைத்து, ஆறிய பின் பருகவும்.]

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராத்திரி நான் எழுந்தபோதெல்லாம் அவர் விழித்துத்தான் இருந்தார். எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று வேண்டுமென்றே குறட்டை விட்டார். அவ்வளவு நாகரிகமான குறட்டையை நான் கேட்டதில்லை. அவரை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

5

மேல் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த மதியம் என் வயிறு அடங்கிவிட்டது. அவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வெயில்" என்றார். வெயிலே இல்லை. கூடாரத்துக்குள் நுழையும்போது ஒன்றுமில்லாத தரையில் தடுக்கினார். பிறகு உட்கார்ந்து, மிகவும் பொறுப்பான குரலில் என்னைக் கேட்டார்:

"லிஃப்ட் எந்த மாடியில நிக்குது?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உள்ள ஆள் மாட்டியிருக்கான்னு பாரு தம்பி" என்றார். என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை.

தலைவலி, தள்ளாட்டம், மனக்குழப்பம்: உயரமான இடங்களில் இவை தோன்றினால் உடனே கீழே இறங்கவும், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. கொட்டாவி விட்டுக்கொண்டே நான் பலமுறை எழுதிய வரி.

அவரைப் பிடித்துக்கொண்டு நேராகத் தேநீர்க் கூடாரத்துக்கு நடத்தினேன். வழியில் கொஞ்சம் தெளிந்தவர், என் கையை அழுத்தினார். "அந்தம்மா கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. உங்க சமாச்சாரத்த நான் சொன்னேனா?"

இந்த இடத்தில் கதை மூன்றாகப் பிரிகிறது.

(அ) நான் பொய் சொல்கிறேன். மறுநாள் கணவாயை நோக்கி ஏறுகிறோம். பாதி வழியில் அவர்— மாட்டேன். இதை எழுத மாட்டேன்.

(ஆ) நான் உண்மையைச் சொல்கிறேன். அவர் பிழைத்துக்கொள்கிறார். நன்றாகப் பிழைத்து, நெடுநாள் வாழ்ந்து, அத்தனை நாளும் என்னோடு பேசாமல் இருக்கிறார்.

(இ) நடந்தது. வழிகாட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்கு வயிறு சுத்தமா சரியில்லம்மா. வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லல. மேல போனா தாங்க மாட்டார். தனியா அனுப்ப மனசு வரல, நானும் கூடவே இறங்கிடறேன்."

கூடாரமே என்னைத் திரும்பிப் பார்த்தது. வழிகாட்டி மாமனாரின் நெற்றித் துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஆமாங்க, ரொம்ப முடியல" என்று, நன்றாயிருந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். இருட்டுவதற்குள் துணைக்கு ஓர் ஆளோடு எங்களை இறக்கிவிட்டார். இறங்க இறங்க மாமனாருக்கு முகம் தெளிந்தது. கீழே வந்ததும் என் முதுகைத் தட்டி, "தண்ணி விஷயத்துல கவனமா இருக்கணும் மாப்பிள்ளை" என்றார்.

6

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் வீட்டில் என் வயிற்றை நலம் விசாரித்துவிட்டுத்தான் இலை போடுகிறார்கள். போகட்டும், என் மானம் அப்படியொன்றும் பெரிய சொத்து இல்லை. தன் கௌரவத்துக்குக் கீறல் விழாமல் இறங்கிய மனுஷனுடைய சாமர்த்தியத்தை நினைத்து நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவர் இன்னும் உயரமான ஒரு மலைக்குப் பதிவு செய்துவிட்டார். தனியாக. "போன தடவ உங்க வயிறு கெடுத்துடுச்சு. இந்தத் தடவ யாரும் வேண்டாம்."

மனைவி என்னிடம் வந்தாள். "அனுப்பலாமா? அங்க அப்பா நல்லாத்தானே இருந்தார்? பக்கத்துல படுத்தது நீங்கதானே, சொல்லுங்க."

சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

7

முதல் ஐந்து பகுதிகளை இன்று காலை அவரிடமே கொடுத்தேன். அவருக்குத் தெரியாமல் மகளிடம் காட்டுவது நியாயமில்லை. கத்துவார், 'மாமனார்னு போடாதீங்க, பக்கத்து வீட்டுக்காரர்னு மாத்துங்க' என்பார் என்று எதிர்பார்த்து, இரண்டு மூன்று சண்டைகளை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நான் எழுதுகிற ஆள் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாதா என்கிற திமிர்தான்.

அவர் கத்தவில்லை. குறட்டை வரும் இடத்தில் சிரித்ததுகூடக் கேட்டது. இப்போது கடைசித் தாளோடு என் அறை வாசலில் நிற்கிறார்.

"வயித்து விஷயம் எழுதினபடியே இருக்கட்டும். உங்களப் போட்டுக்கொடுத்தது உண்மைதான். எனக்கும் அன்னிக்கு லேசா தலைவலி, ஒத்துக்கறேன்."

"சரி மாமா."

"இந்த லிஃப்ட் எங்க நிக்குதுன்னு கேட்டது..." தாளைத் தள்ளிப் பிடித்து இன்னொரு முறை படித்தார். "இது நீங்க கதைக்காகச் சேத்ததுதானே?"

அவருக்கு நினைவில்லை. இத்தனை நாளாக மறைக்கிறார் என்று நினைத்தேன். மறைப்பதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை.

ஆமாம் மாமா, கதைதான் என்றால் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போய்ப் பெட்டி கட்டுவார். 'நிஜமாகவே கேட்டீர்கள்' என்று சொன்னால் மலைக்குப் போக மாட்டார். உயரத்தில் யாருக்கும் வரக்கூடியது, இறங்கியதும் போய்விட்டது என்று தாள் தாளாக நான் விளக்கினாலும், இனி கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடும்போதெல்லாம் அந்த மதியத்தை நினைத்துக்கொள்வார். எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டுக்கும்தான்.

வாசகரே, இவ்வளவு நேரமும் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். கதையா, நிஜமா? என்ன சொல்லட்டும்? கொஞ்சம் சீக்கிரம். வாசலிலேயே நிற்கிறாரே என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"மொதல்ல பதில் சொல்லுங்க மாப்பிள்ளை, அப்புறம் உக்கார்றேன்" என்கிறார்.