கீறியதும் உடைந்ததும்

மோகனூர் சாலையிலுள்ள அந்த முட்டைக் கிடங்கில், கழித்து ஒதுக்கும் முட்டைக்கெல்லாம் ஒரே பெயர்தான்: உடைசல். தினசரி அறிக்கை எழுதும் அஸ்பியாவும் அதை ஆங்கிலத்தில் 'ப்ரோக்கன்' என்றே எழுதிவந்தாள். திங்கட்கிழமை காலை மஸ்கட் வியாபாரி பதில் அனுப்பினார். தினம் இருநூறு முட்டை உடைகிறதென்றால் கரு வழிந்து பெட்டியெல்லாம் நாறும். இந்த கன்டெய்னர் வேண்டாம்.

மேலாளர் சந்திரசேகர் அஸ்பியாவோடு தரம் பிரிக்கும் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்கக்கா, அது கையா உலக்கையா? இந்த ஆர்டர் போச்சுன்னா நாளைக்கு உங்களுக்கு இங்க வேலை இல்லீங்க."

"உலக்கைன்னா ஒண்ணுகூட தேறியிருக்காதுங்க சார்," என்றாள் வள்ளியாத்தாள். பதினோரு வருடமாக அந்த மேசையில் நிற்பவள்.

அஸ்பியா குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். கழித்த முட்டைகள் இரண்டு இடமாக இருந்தன. ஒரு பக்கம் முப்பது முப்பதாக அடுக்கிய ஏழு அட்டை, ஒரு சொட்டு ஈரமில்லை. மறுபக்கம் வாளியில் நான்கே முட்டை, கரு வழிந்து.

"ரெண்டையும் உடைசல்னுதானேக்கா சொல்லுவீங்க?"

"வாய்க்கு ஒரு பேரு போதுஞ் சாமி. கை பிரிச்சுத்தான் வெக்கும்."

அஸ்பியாவின் முகம் சுருங்கியது. "தப்பு என்னுது சார். ஓடு மட்டும் கீறியிருந்தா கிராக்டு. உள்ள இருக்கறது வெளிய வந்தாத்தான் ப்ரோக்கன். நான் எல்லாத்தையும் ப்ரோக்கன்னு எழுதிட்டேன்."

"இப்பச் சொன்னா அந்தாளு நம்போணுமே?"

வீடியோவில் அழைத்தார்கள். அஸ்பியா ஆங்கிலத்தில் விளக்கினாள். வியாபாரி அசையவில்லை. ஏற்றத் தயாராக இருந்த பெட்டி ஒன்றைத் திறக்கச் சொன்னார்.

வள்ளியாத்தாள் ஓர் அட்டையை எடுத்து, முட்டைகளை இரண்டிரண்டாக ஒன்றோடொன்று மெல்லத் தட்டினாள். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். இருபத்தாறு முட்டை ஒலித்தன. அடுத்த ஜோடியில் கை நின்றது. சந்திரசேகருக்கு வித்தியாசமே கேட்கவில்லை. போனில் பார்ப்பவருக்கும் கேட்டிருக்காது.

"அக்கா, உள்ளயே வெச்சிருங்க," என்று முணுமுணுத்தார் சந்திரசேகர்.

அவள் அந்த முட்டையை வெளியே எடுத்து போனுக்கு நேராக நீட்டினாள். "இது ஆகாதுங்க. பெட்டி தூக்கறப்ப கீறியிருக்குது."

விளக்கருகே பிடித்தபோதுதான் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது. வியாபாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கிராக்டு," என்றார் அவரே. பிறகு, "இவர் கையால் பிரித்ததை மட்டும் அனுப்புங்கள்."

அஸ்பியா அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் வள்ளியாத்தாள் அடுத்த அட்டையை இழுத்திருந்தாள்.