மாமா உட்கார்ந்த இடம்

எங்கள் வீட்டில் என் காதில் அதிகமாக விழும் வார்த்தை "கொஞ்சம் எழுந்திரேன்" என்பதுதான். நான் வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகக் கணக்குப் பாடம் நடத்துகிறவள். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலைதான் என் வகுப்பறை. பின்னம் பாதியில் நிற்கும்போது தட்டு வைக்க எழுந்திருக்க வேண்டும். இயற்கணிதம் நடக்கும்போது, என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியிலிருந்து யாருக்காவது ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படும். ஒரு முறை என் கணவர் இடுப்பில் துண்டோடு பின்னணியில் நடந்துபோனதை ஒரு வகுப்பே பார்த்தது. அந்த வாரம் பிள்ளைகள் கேட்ட சந்தேகங்களில் ஒன்றுகூடக் கணக்கைப் பற்றியது இல்லை.

பயிற்சி மைய மேலாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கூப்பிட்டார். "மேடம், லீவு முடிஞ்சு கிளாஸ் ஆரம்பிக்கும்போது உங்களுக்குக் கதவு வச்ச ரூம் ஒண்ணு இருக்கணும். இல்லேன்னா நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

விடுமுறை ஒரு மாதம். கூடத்தின் கோடியில் ஜன்னலை உள்ளே விட்டு ஒரு சுவர் எழுப்பி, கதவு போட்டுவிட்டால் எனக்கு ஓர் அறை கிடைத்துவிடும். வேலையும் தங்கும். வேலையை விடுங்கள், யாரும் என்னை எழுப்பாத ஓர் இடம் கிடைக்கும். கணவர் பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார். அவர் பெருமூச்சு விடாமல் சம்மதித்த ஒரே விஷயம் எங்கள் கல்யாணம் என்று சொல்லிக்கொள்வார். நான் அங்கே இருந்தேன், அப்போதும் விட்டார்.

மேஸ்திரி நல்ல வேலைக்காரர் என்று ஊரே சொன்னது. அவருக்கு ஒரு கொள்கை உண்டு: வீட்டுக்காரர்கள் விவகாரத்தில் தலையிட மாட்டார். "நீங்க பேசி முடிச்சுச் சொல்லுங்க, நான் கல்லு வைக்கிறேன்" என்பார். மாடிப்படி யார் பக்கம் வருவது என்று அண்ணனும் தம்பியும் கடைசிவரை முடிவு செய்யாத ஒரு வீட்டில், படியே இல்லாமல் மாடி கட்டிக் கொடுத்திருக்கிறாராம். இதைப் பெருமையாகத்தான் சொன்னார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் நாள் செங்கலும் சிமெண்டும் வந்து இறங்கின. மேஸ்திரி சுவர் வரும் இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். சோபாவின்மேல் பாத்திரங்கள், கட்டிலின்மேல் சோபா மெத்தைகள், பாத்திரங்களின்மேல் சிமெண்டுத் தூசி. வாசல் மணி அடித்தது. கணவரின் தாய்மாமா நின்றிருந்தார். ஆள் பெரிது, கையிலிருந்த பை சிறிது.

"வேலை நடக்குதுன்னு கேள்விப்பட்டேன். சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

வீட்டில் உட்காரக் காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான். கை வைத்த, அகலமான மர நாற்காலி. கூடத்தின் கோடியில், சுண்ணாம்புக் கோட்டின்மேல் கிடந்தது. "இங்க உட்காருங்க மாமா, டீ கொண்டு வர்றேன்" என்றேன். நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

டீயோடு திரும்பி வந்தபோது மேஸ்திரி நூல் கட்டியிருந்தார். நூல் இந்தச் சுவரில் தொடங்கி, மாமாவின் மடிக்கு மேலாகப் போய், அந்தச் சுவரில் முடிந்திருந்தது. நூல் தொய்யாமல் இருக்க மாமா அதை ஒரு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

நான் கணவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "மாமாவைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லுங்க."

அவர் முகம் வெளிறிவிட்டது. "உனக்கென்ன பைத்தியமா? எங்க குடும்பத்துல விருந்தாளியை எழுந்திருன்னு சொல்ற வழக்கமே கிடையாது."

"ஏன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். முன்னொரு காலத்தில் பெரியம்மா முறையுள்ள ஒருத்தர், வந்த விருந்தாளியிடம் பாய் விரிப்பதற்காக "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று சொல்லிவிட்டாராம். எழுந்திருக்கக்கூடச் சொல்லவில்லை, தள்ளித்தான் உட்காரச் சொன்னார். விருந்தாளி தள்ளித் தள்ளிப் போய் வாசலைத் தாண்டிவிட்டார். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றது. சாவுக்கும் வரவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை.

"சரி, சாயங்காலம் அவரே கிளம்பிடுவார்" என்றார் கணவர்.

சாயங்காலம் மாமா கிளம்பவில்லை. படுத்தார், தூங்கினார். காலையில் குளித்துவிட்டுக் கணவரின் சட்டையை மாட்டிக்கொண்டு, மேஸ்திரி வருவதற்குள் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் நாற்காலியை நகர்த்தப் போனேன். கணவர் குறுக்கே வந்து விழுந்தார். "ஆளை எழுப்பறதைவிட இது மோசம்! வந்து பார்க்கறப்போ நாற்காலி இடம் மாறியிருந்தா மனுஷன் என்ன நினைப்பார்?"

மேஸ்திரி எங்களுக்காகக் காத்திருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நேராக் கட்ட முடியாது. வளைச்சுத்தான் கட்டணும். சொல்லுங்க, பெரியவர் உள்ளேயா, வெளியிலயா?"

விருந்தாளிக்கு முன்னால் நின்றுகொண்டு "வெளியில" என்று எந்த நாக்கு சொல்லும்? கணவர் "உள்ளேதான்" என்றார்.

மாமா நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார்.

சுவர் எழும்பியது. நேராக வந்து, மாமாவின் முழங்கால் அருகே கூடத்துப் பக்கமாகப் புடைத்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மறுபடி நேரானது. கூடத்திலிருந்து பார்த்தால் சுவருக்கு ஏழு மாதம் என்று சொல்லலாம். தூக்குக் குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு, "வளைவு அப்பிடியே நூல் பிடிச்ச மாதிரி வந்திருக்கு" என்று மேஸ்திரி தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

இந்த நிலையில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவரின் தங்கை. "வீட்டு வேலை நடக்குதாமே அண்ணி, உங்களுக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு வந்தேன்" என்று சொல்லி, ஒரு பெட்டி அழுக்குத் துணியை என் கையில் கொடுத்தாள். பிறந்த வீட்டுப் பெண் விருந்தாளிக் கணக்கில் வர மாட்டாள் என்பதால் அவளிடம் நான் நேராகவே கேட்டேன்: "நீயாவது மாமாகிட்டச் சொல்லேன்."

"ஐயோ, நான் சொன்னா என் மாமியார் காதுக்குப் போயிடும். வளர்ப்பு சரியில்லைம்பாங்க." ஆனால் அவளிடம் ஒரு யோசனை இருந்தது. "வெளியில எங்கயாவது கிளம்புவோம். எல்லாரும் கிளம்பினா அவரும் கிளம்பத்தானே வேணும்?"

அதிலும் ஒரு சிக்கல். "வாங்க" என்று கூப்பிட்டால் அது எழுந்திருக்கச் சொன்னதாக ஆகிவிடுமாம். ஆகவே கணவர் நாற்காலியின் முன்னால் நின்று, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பொதுவாக அறிவித்தார்: "நாங்க எல்லாரும் பூங்காவுக்குப் போறோம்."

"நல்லாப் போயிட்டு வாங்க. வீட்டை நான் பார்த்துக்கறேன்" என்றார் மாமா.

சொல்லியாகிவிட்டது, போகாமல் இருக்க முடியுமா? போனோம். எனக்குப் பூங்காவும் பிடிக்காது, ஐஸ்கிரீமும் பிடிக்காது. இரண்டையும் சகித்துக்கொண்டு திரும்பினோம். மறுநாள் ஏரியில் படகு. அதற்கடுத்து பர்னிச்சர் கடை. அங்கே கணவரும் நாத்தனாரும் கிடைத்த நாற்காலியில் எல்லாம் உட்கார்ந்து பார்த்தார்கள். கடைக்காரர் "கொஞ்சம் எழுந்திருங்க சார், வேற கஸ்டமர் பார்க்கணும்" என்று சாதாரணமாகச் சொன்னதைக் கேட்டு அண்ணனும் தங்கையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். சினிமா போனோம். பொருட்காட்சி போனோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படி ஊர் சுற்றியதில்லை.

மிருகக்காட்சிசாலையில் நீர்யானை சேற்றில் கிடந்தது. காவலர் வாளியைத் தட்டி, "டேய், எழுந்திரு" என்றார். அது எழுந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒவ்வொரு நாளும் வீடு திரும்பும்போது அறை ஏதாவது ஒரு விதத்தில் மாமாவுக்குத் தோதாக மாறியிருக்கும். சுவிட்சு போர்டை எங்கே வைக்க என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். மாமா மரியாதைக்கு "உங்க சௌகரியம்" என்றிருக்கிறார். மேஸ்திரி பதிலுக்கு மரியாதை காட்டி, மாமா கையை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், நாற்காலிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் புத்தகத்துக்கென்று கேட்ட அலமாரி, டீ டம்ளர் வைக்கும் அகலத்தில் வந்திருந்தது. என் மேசை போட வேண்டிய இடத்தில் மாமா கால் நீட்ட ஒரு சிறு செங்கல் திண்டு. சுவருக்கு அடித்த நிறம்கூட, கணவர் இல்லாத நேரத்தில், மாமா அன்று போட்டிருந்த என் கணவரின் நீலச் சட்டையைப் பார்த்து எடுத்ததாம்.

"மாமா முகத்துல ஒரு களையே வந்திருக்கு பாருங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "ஒரு ஃபேனும் போட்டுட்டா நல்லாயிருக்கும்."

"தொட்டிலும் கட்டிடலாம்" என்றேன்.

மாமாவுக்குக் களை வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ கேட்க வருவதுபோல வாயைத் திறப்பார். நான் இன்னொரு டீ கேட்கிறாராக்கும் என்று போய்ப் போட்டுக்கொண்டு வருவேன். அவர் டம்ளரைப் பார்த்து அப்படி ஒரு பெருமூச்சு விடுவார். பரம்பரைப் பெருமூச்சு என்று விட்டுவிட்டேன்.

மாதம் முடிந்தது. மறுநாள் காலை வகுப்பு. கதவு மாட்டும் வேலை மட்டும் பாக்கி. மேஸ்திரி கதவு நிலையைத் தூக்கிக்கொண்டு வந்து, நாற்காலியின் அகலத்தைச் சாணில் அளந்தார், நிலையை அளந்தார், மறுபடி நாற்காலியை அளந்தார்.

"இதை வச்சுட்டா நாற்காலி அப்புறம் வெளியில வராது. பரவாயில்லையா? பேசிச் சொல்லுங்க." பிறகு தன் கொள்கையை மீறி முதல் முறையாக ஒரு கருத்துச் சொன்னார். "தாய்மாமாவுக்குன்னு தனி ரூம் கட்டிக் குடுக்கிற குடும்பத்தை நான் இப்பத்தான் பார்க்கிறேன். நல்ல மனசும்மா உங்களுக்கு."

கணவர் பெருமூச்சு விட்டார். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு நான் திரும்பவும் சாப்பாட்டு மேசையின் மூலையில் உட்கார்ந்திருப்பேன், ஒருத்தர் தட்டோடு வந்து நிற்பார், மேலாளர் போன் பண்ணுவார், என் வேலை போகும். இத்தனை வருஷம் எத்தனை பேருக்காக எத்தனை தடவை எழுந்தேன்! எனக்குள் ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது.

"மாமா," என்றேன், "எழுந்திருங்க."

மேஸ்திரியின் கையிலிருந்த சிமெண்டு பூசும் கரண்டி தரையில் விழுந்தது. நாத்தனார் தன் மாமியார் எங்கோ கேட்டுக்கொண்டிருப்பதுபோலக் காதைப் பொத்திக்கொண்டாள். கணவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

மாமா துள்ளி எழுந்தார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக எழும் என்று நான் நினைக்கவே இல்லை.

"அப்பாடா!" என்றார். "இப்பவாவது சொல்லணும்னு தோணிச்சே! ஒரு மாசமாம்மா! என் இடுப்பே கழண்டுபோச்சு."

"நீங்க... நீங்களே எழுந்து போயிருக்கலாமே மாமா?"

"அதெப்படிப் போறது? நீதானே இங்க உட்காருங்கன்னு சொன்ன? உட்காரச் சொன்னவங்கதானே எழுந்திருக்கவும் சொல்லணும்? தூங்கறதும் குளிக்கறதும் வேற. விருந்தாளி தானா எழுந்து கிளம்பினா, கவனிப்புல ஏதோ குறைன்னு அர்த்தமாயிடும். நம்ம குடும்பத்து வழக்கம் அது." அவர் என் கணவரைப் பார்த்தார். "ஏன்டா, இவகிட்ட நீ சொல்லலையா?"

கணவர் ஒரு கண்ணைத் திறந்தார். "எனக்கே தெரியாது மாமா." எப்படித் தெரியும்? வேற்று வீட்டுத் தலையணை ஒத்துக்காது என்று அவர் யார் வீட்டுக்கும் விருந்தாளியாகப் போனதே இல்லை. வழக்கத்தில் வீட்டுக்காரனுக்கு உள்ள பாதிதான் அவருக்குத் தெரியும்.

"நான் ஒரு நாளைக்குன்னு ஒரே ஒரு மாத்துச் சட்டையோட வந்தவன். உங்க அத்தை அங்க என்ன நினைச்சிட்டிருக்காளோ" என்று சொல்லிக்கொண்டே மாமா பையை எடுத்துக்கொண்டார். மேஸ்திரியை நிலை வைக்கச் சொன்னார். இரண்டு எட்டு வெளியே வைத்தவர் நின்று, திரும்பி, வளைந்த சுவரையும் கைக்கெட்டும் சுவிட்சையும் என்னையும் பார்த்தார்.

"நீ உட்காரும்மா" என்றார் நாற்காலியைக் காட்டி. "நல்ல இடம். வெளிச்சம் வருது."

கணவரின் நீலச் சட்டையிலேயே ஊருக்குப் போய்விட்டார்.

மறுநாள் நான் கதவைச் சாத்திக்கொண்டு, மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்து, மாமாவின் திண்டில் கணினியை வைத்துப் பாடம் நடத்தினேன். சுவிட்சு கைக்கெட்டியது. டீ டம்ளர் அலமாரியில் கச்சிதமாக நின்றது. பின்னம் முழுசாக முடிந்தது. பின்னணியில் யாரும் நடக்கவில்லை. வகுப்பு முடிந்தும் நான் எழவில்லை. வெயில் சுவரின் வளைவில் மெதுவாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி மாளாது.

சாப்பாட்டு நேரம் வந்தது. வெளியே காலடிச் சத்தம் கேட்டது. கதவு கொஞ்சமாகத் திறந்தது. கணவரின் முகமும் அதற்குக் கீழே நாத்தனாரின் முகமும் தெரிந்தன.

கணவர் "கொஞ்சம் எழு..." என்று ஆரம்பித்தார். நாத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா! மாமா உட்காரச் சொன்னது. நாம எப்படி எழுந்திருக்கச் சொல்றது?"

கதவு சாத்திக்கொண்டது. சமையலறைப் பக்கம் குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது. கணவர் போனில் யாரிடமோ நிறையக் கெஞ்சினார். பிறகு கதவு மறுபடி திறந்தது. இந்த முறை ஒரு தட்டில் சாப்பாட்டோடு வந்து, டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாமாவுக்கு போன் பண்ணினேன்" என்றார்.

"என்ன சொன்னார்?"

"இருக்கட்டும், அவ உட்காரட்டும்கறார்."

"சரி" என்றேன். "போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்க."