ளகரம் திறந்த கதவு

வெளியூர் அரண்மனை ஒன்றின் பூட்டிய கதவை, என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடி, ஒற்றை எழுத்தால் திறந்தவன் நான். சாவி இல்லை, சிபாரிசு இல்லை. ஒரு ‘ள’. அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்கிறவர்கள் என் மனைவியின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுகிறாள். அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். பிழையைக் கண்டால் என் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். என் கல்யாணப் பத்திரிகையையே ஏழு இடத்தில் திருத்தி மாமனார் கையில் கொடுத்தவன். அப்போதே அவர் பெண்ணைத் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பெரிய மனசு, விட்டுவிட்டார்.

அந்தப் பெண் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். ஊர்ப் பேச்சை எல்லாம் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள். இப்போது அவள் காதுகளே தகராறு செய்தன. இடது காது போய் இரண்டு வருஷம் ஆகிறது. வலதும் இறங்கிக்கொண்டே வருகிறது, அடுத்த வருஷம் வரை தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் காது டாக்டர். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே அவள் கேட்டாள்:

“அந்த மண்டபத்துக்குப் போயிட்டு வந்துடலாமா?”

யாரும் அதிகம் போகாத ஒரு நகரம் அது. சுற்றுலாப் புத்தகங்களில் அரைப் பக்கம் கொடுத்தால் அதிகம். அங்கே பழைய அரண்மனைக்குள் வட்டமாக ஒரு மண்டபம். ஒரு பக்கச் சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ச் சுவரில் காது வைத்தவருக்குக் கேட்குமாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதிலோ படித்திருக்கிறாள். “கம்பி இல்லாம, என்னை மாதிரி ஒருத்தி நடுவுல உட்காராம ஒரு இணைப்பு. காது இருக்கும்போதே கேட்டுடணும்” என்றாள்.

உடனே வேலையில் இறங்கினோம். இரண்டு நாள் பயணம். முதல் நாள் ஓவியக்கூடம், பழைய நூலகம். மறுநாள் மண்டபம். ரயிலில் இடம் போட்டாயிற்று. அந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்துக்கு எழுதிப் போட்டதில் ஐந்து மொழியில் ஒரு கையேடு வந்தது. தமிழ்ப் பக்கத்தைப் பிரித்தேன். கை சிவப்புப் பேனாவைத் தேடியது. நூறு பிழை. சரி, முப்பத்தொன்று.

பக்கத்தில் மச்சான் இருந்தான், மனைவியின் தம்பி. கடைத் தராசுகளைச் சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். காலை வணக்கம் சொன்னால்கூட மணி பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வான். அவன் ஒரு வரியில் விரலை வைத்தான்.

‘மண்டபம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டுள்ளது. முன் அனுமதி கேட்டு எழுதுவோர் மட்டும் ஏற்றுக்கொல்லப்படுவர்.’

“எழுதிக் கேட்டா ஏத்திவச்சுக் கொல்லுவாங்களா மாமா?”

“நியாயமான ஊர்தான் மச்சான். கேட்காதவங்களை விட்டுடறாங்களே.”

“எதுக்கும் அக்காவை எழுதச் சொல்லாதீங்க.”

அவள் எழுதிவிட்டாள். காதின் கதை, நாற்பது வருஷ ஆசை, நாங்கள் போகும் தேதி எல்லாம் முத்து முத்தான எழுத்தில் ஒரு பக்கம். அதை உறையில் போட்டு முகவரி எழுதி அனுப்புவது என் பொறுப்பு. அனுப்பினேன். மூன்றாம் நாள் பழைய பேப்பர்க் கட்டைத் தூக்கினால் அடியில் அவள் கடிதம் பத்திரமாக இருக்கிறது. உறைக்குள் போனது, நான் சிவப்பாகத் திருத்தி வைத்திருந்த கையேடு.

“ராங் நம்பர் போட்டுட்டீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி எழுதி, அது போய்ச் சேர்ந்து, பதில் வருவதற்குள் எங்கள் தேதி தாண்டிவிடும். ஆயிரம் தப்பைப் பிடித்தவன், என் தப்பை அஞ்சல் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். மச்சான் ஆறுதல் சொன்னான்: “விடுங்க மாமா. முணுமுணுத்தா அந்தப் பக்கம் கேட்குமாம். எடையே இல்லாத சரக்கை விக்கறாங்க.” அவனை அன்றைக்குக் காபி இல்லாமல் அனுப்பினேன்.

ஆறாம் நாள் போன் அடித்தது. மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல். அரண்மனைப் பொறுப்பாளராம்.

“எங்க கையேட்டுல சிவப்பா கிறுக்கி அனுப்பினது யாரு? உறைக்குப் பின்னாடி இந்த நம்பர் இருந்துச்சு.”

‘என் மச்சான்’ என்று சொல்ல வாய்வரை வந்தது. “நான்தாம்மா.”

“எனக்குத் தமிழ் பேச வரும் சார், எங்கம்மா வழியில. படிக்க வராது. ஆபீஸ்ல யாருக்குமே வராது. ஒரு தமிழ் லாரி டிரைவரைப் பிடிச்சுப் படிக்கச் சொன்னேன். ஒரு வரி வந்ததும் சிரிச்சுச் சிரிச்சுத் தரையிலயே உட்கார்ந்துட்டார். மூணு வருஷமா எல்லா மொழிக்காரங்களும் எழுதிக் கேட்கறாங்க சார், தமிழ்ல ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. மண்டபம் உங்க ஆளுங்களுக்குப் பிடிக்கலைபோலன்னு நினைச்சுட்டிருந்தோம்.”

“உயிர்மேல ஆசை இருக்காதாம்மா” என்றேன்.

அவர் சிரித்து ஓயும்வரை காத்திருந்து, மனைவி தன் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“திங்கட்கிழமை வாங்கம்மா. அன்னைக்குக் கொத்தனாருங்களுக்கு லீவு. உங்களுக்கு நல்லாக் கேட்கும்.”

‘ள’ வர வேண்டிய இடத்தில் ‘ல’ போட்ட அந்த அச்சகத்துக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். போன் செய்த பொறுப்பாளரும், தரையில் உட்கார்ந்த டிரைவரும் நூறு வயசு இருக்கட்டும்.

மச்சான் நம்பவில்லை. “யாரோ விளையாடறாங்க. நானும் வந்து கதவைப் பார்க்கறேன்” என்று எங்களோடு ரயில் ஏறினான். கதவு திறந்தது. உள்ளே சாரம் கட்டியிருந்தது, சுண்ணாம்பு வாசனை. மேலே எங்கோ ஒரு புறா நகர்ந்தது. மனைவி ஒரு சுவரோரம் போய் நின்றாள். மச்சான் அடி அளந்து நடந்து எதிர்ச் சுவருக்குப் போனான். நூற்றுப் பன்னிரண்டு அடியாம். நானும் பொறுப்பாளரும் நடுவில்.

முதலில் அவள் சுவரைப் பார்த்து உதட்டை அசைத்தாள். “கேட்குது” என்று மச்சான் அங்கிருந்து கத்தினான். “என் காதுக்கு என்ன குறை? நான் சொல்றது அவளுக்குக் கேட்கணும்.”

அவள் வலது காதைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மச்சான் கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை. அவள் அசையவில்லை. ஐந்து விநாடி இருக்கும்; எனக்கு ஐந்து வருஷம். பொறுப்பாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார், அல்லது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவள் மெதுவாகத் திரும்பி, சுவரோடு ஏதோ பேசினாள். எதிர்ப் பக்கம் மச்சானின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று கிட்டே வரும்வரை தெரியவில்லை. வந்தபோது இரண்டும் இருந்தது.

“என்ன மச்சான் சொன்னே?”

“அவ ஊகிச்சுச் சொல்லக் கூடாது பாருங்க. அதனால யாருக்கும் தெரியாததா ஒண்ணு. பத்தாவது பரீட்சைக்கு முந்தின நாள் உன் பேனா முள்ளை வளைச்சது நான்தான்னு சொன்னேன்.”

“அதுக்கு அவ?”

“ ‘அதான் உன் பேனாவை எடுத்துட்டுப் போயிட்டேன்’கறா. அன்னையிலேருந்து தேடிட்டிருக்கேன் மாமா அதை.”

கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். அந்தச் சுவரையும் இந்தச் சுவரையும் இன்னொரு தரம் பார்த்தான்.

“அவளுக்குக் கேட்டுச்சு. யார் கேட்டாலும் சொல்றேன். நிஜமா நடந்தது.”