கைபேசியோடு ஒரு மறுதேர்வு

வீட்டுப்பாடத்தில் நூற்றுக்கு நூறு, வகுப்புத் தேர்வில் இருபத்தொன்பது. இரண்டையும் வாங்கியவள் ஒரே பெண், வகுப்பே வாயாடி என்று பெயர் வைத்திருந்த பத்தாம் வகுப்புக்காரி. கணக்கைக் கைபேசிக்குக் காட்டினால் விடை வழியோடு வந்து விழும். அதை அழகாக எழுதிக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்துவிடும். மறுதேர்விலும் தவறினால் உயர்கணிதப் பிரிவிலிருந்து இறக்கிவிடுவார்கள். பாலம் கட்டும் பொறியாளர் ஆகும் ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

தேர்வன்று காலையில் அப்பா கைபேசியைப் பிடுங்கப் பார்த்தார்.

"இந்தச் சனியனை இன்னைக்காவது வச்சிட்டுப் போ!"

"டீச்சரே கொண்டு வரச் சொல்லியிருக்காங்கப்பா."

"உங்க டீச்சருக்கு என்ன ஆச்சு?"

"எனக்கும் அதான் புரியலப்பா."

தேர்வறையில் கணக்கு டீச்சர் தாள்களைக் கொடுத்தபடி, "ஃபோனைத் தாராளமா பாருங்க. பக்கத்துல இருக்கறவங்களைத்தான் பாக்கக் கூடாது" என்றார். பின்வரிசையில் கைதட்டல் எழுந்தது. தாளைப் படித்ததும் அடங்கிவிட்டது. எல்லாக் கணக்குகளும் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன, தவறாக. கேள்வி ஒன்றே ஒன்று: எங்கே தவறு, ஏன் அப்படி நினைக்கத் தோன்றியிருக்கும்?

முதல் கணக்கைக் கைபேசிக்குக் காட்டினாள். சரியான விடையை நொடியில் தந்தது. தவறு செய்தவர் மனதில் என்ன ஓடியது என்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மூன்றாவது கணக்கில் கண் நின்றது. (x + 3)² = x² + 9 என்று இருந்தது. அடப்பாவி, இது போன தேர்வில் அவளே எழுதியதல்லவா! வகுப்பின் தவறுகளையே பொறுக்கியெடுத்துத் தாளாக்கியிருக்கிறார் டீச்சர்.

கைபேசியின் கால்குலேட்டரில் xக்கு இரண்டைப் போட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் இருபத்தைந்து, மறுபக்கம் பதின்மூன்று. பாக்கிப் பன்னிரண்டு எங்கே போயிற்று? கைபேசியைக் கவிழ்த்துவிட்டு ஒரு சதுரம் வரைந்து, பக்கங்களை இரண்டும் மூன்றுமாகப் பிரித்தாள். ஒரு மூலையில் நான்கு, எதிர்மூலையில் ஒன்பது. மற்ற இரு மூலைகளிலும் விட்டுப்போன இரண்டு செவ்வகங்கள், ஆறும் ஆறும், அவளைப் பார்த்துப் பல்லிளித்தன.

'தனித்தனியாக வர்க்கப்படுத்தினால் போதும் என்று தோன்றியிருக்கும். படம் வரைந்து பார்க்காதவருக்கு அப்படித்தான் தோன்றும்' என்று எழுதினாள். மற்றக் கணக்குகளையும் அப்படியே எண்ணைப் போட்டுத் தட்டிப் பார்த்தாள். ஒன்றைத் தவிர எல்லாம் பிடிபட்டன.

தாளை வாங்கிய டீச்சர் மூன்றாவது விடையில் நின்றார். "யாரு போட்ட தப்புன்னு தெரியுதா?"

"தெரியும் டீச்சர். நல்ல பொண்ணுதான். கொஞ்சம் அவசரக்குடுக்கை."

மதிப்பெண் எழுபத்தொன்று வந்தது. பிரிவு மாறவில்லை. அன்று மாலை அவள் வீட்டுப்பாடம் போடுகையில் கைபேசி குப்புறக் கிடப்பதைக் கண்டார் அப்பா.

"என்ன, கெட்டுப்போச்சா?"

"இல்லப்பா, காத்துக்கிட்டிருக்கு. நான் போட்டு முடிச்சதும் அது சரிபாக்கணும்."