எடுத்துக்காட்டு வாக்கியத்தில் வந்த பச்சியப்பன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவே இல்லை. தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஒரு தொகுப்பு போடுகிறார்கள். அதில் ‘சீட்’ என்ற சொல்லை என் தலையில் கட்டினார்கள். நாற்காலி, இருக்கை, ஆசனம் என்று நம்மிடம் இத்தனை இருக்க, இது எப்படி உள்ளே வந்து காலை நீட்டிக்கொண்டது என்று எழுத வேண்டும். எழுதினேன். பஸ்ஸில் சீட், சைக்கிளில் சீட், தேர்தலில் சீட், காலேஜில் சீட். சீட் கேட்பார்கள், பிடிப்பார்கள், கொடுப்பார்கள், போடுவார்கள். உட்காருவது கடைசியில்தான்.

‘போடுவது’ என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. “பச்சியப்பன் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட் போட்டான்.” அவ்வளவுதான். அடுத்த பத்திக்குப் போகலாம் என்றால் மனுஷன் நகரவே இல்லை.

2

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பாப்பாரப்பட்டி பஸ் முழுதாக நிற்கும் முன்பே பச்சியப்பனின் துண்டு உள்ளே போய்விடும். பிறகு நிதானமாக டீ குடிப்பார். (அந்த வாக்கியத்தில் ‘போட்டான்’ என்று எழுதிவிட்டேன். கல்யாண வயதை எட்டப்போகும் மகள் இருப்பது தெரிந்ததும் மரியாதை கூடிவிட்டது.) அவர் திரும்பி வரும்போது பஸ் பிதுங்கி வழிந்தாலும் துண்டின் மேல் ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கைக்குழந்தைக்காரி யாராவது ஏறினால் அவரே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். இதற்கெல்லாம் சட்டம் கிடையாது. எல்லோருக்கும் தெரியும்.

[இங்கே அவருடைய தக்காளித் தோட்டத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. கதைக்கு உதவவில்லை, அடித்துவிட்டேன்.]

மகள் கோகிலவாணிக்கு சேலத்தில் ஒரு நர்சிங் காலேஜில் சீட் ஒதுக்கி ஆர்டர் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும். அதே வெள்ளிக்கிழமை பச்சியப்பனின் தங்கை மகனுக்குக் காதுகுத்து. அதற்கு முந்தைய நாட்கள் சீர் வாங்கவும் பந்தல் போடவுமே சரியாகப் போயின.

“ஒரெட்டு போயிச் சேந்துட்டு வந்துர்லாம்ப்பா” என்று கோகிலவாணி தினமும் சொன்னாள்.

“அதான் ஆர்டரு வந்துருச்சில்ல கண்ணு. உம் பேரு போட்ட சீட்டுல யாரு வந்து உக்காந்துருவாங்க? தாய்மாமன் மடி இல்லாம கொழந்தைக்குக் காது குத்த முடியுமா? திங்கக்கெழம போலாம்.”

3

திங்கட்கிழமை காலை, காலேஜ் வாசலில் நின்ற வேப்பமரத்தின் நிழல் மெல்ல...

வேண்டாம். எல்லாக் காலேஜ் வாசலிலும் மரம் நிற்கிறது. அப்பாவோடும் மகளோடும் நேராக ஆபீசுக்குள் போவோம்.

“வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுதுங்க. நீங்க வரல. அடுத்து காத்திருந்த பொண்ணுக்குப் போயிருச்சு” என்றார் கிளார்க்.

“எம்புள்ள பேருல ஆர்டர் இருக்குதுங்களே. அதுல எப்பிடிங்க இன்னொருத்தரு உக்காருவாங்க?”

பச்சியப்பன் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அந்த இன்னொருத்தி அங்கேயே பெஞ்சில் இருந்தாள். பெயர் ஐஸ்வர்யா. பக்கத்தில் அவள் அம்மா சாலம்மாள், காலடியில் ஹாஸ்டலுக்கு வாங்கிய புது பக்கெட். இந்தப் பெண்ணோடுதான் நான் ரொம்ப நாள் மல்லுக்கட்டினேன். முதல் வரைவில் அவளை ஒரு பெரிய பணக்காரரின் மகளாக ஆக்கி, காரில் வந்து இறங்க வைத்தேன். பச்சியப்பனுக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். ஆனால் பச்சைப் பொய். இப்போது அவள் ஏரியூர்க்காரி, அம்மாவுக்குக் கூலி வேலை. கதை எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

கிளார்க் இரக்கப்பட்டார். “ஒடம்பு சரியில்லாம வர முடியலன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க. விசாரிக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணு சேர்க்கைய நிறுத்தி வெப்பாங்க. ஒங்களுக்கே கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.”

பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவர் சாப்பிடப் போனார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சாலம்மாள் பக்கெட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

4

முடிவு ஒன்று: பெரிய அதிகாரி ஒருவர் வந்து கூடுதலாக ஒரு சீட் தருகிறார். எந்த ஊரில் என்று என்னைக் கேட்காதீர்கள்.

முடிவு இரண்டு: பச்சியப்பன் மனு எழுதுகிறார். ஐஸ்வர்யா பக்கெட்டோடு ஏரியூருக்குத் திரும்புகிறாள். எழுதிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு மூன்று: அவர் மனு எழுதாமல் பெருந்தன்மையாக எழுந்து வந்துவிடுகிறார். படிப்பவர்கள் கண் கலங்குவார்கள். ஆனால் பஸ்ஸில் அவர் விட்டுக்கொடுப்பது தன்னுடைய சீட்டை. இது அவருடையதா?

இதே கேள்வி அவருக்கும் வந்திருக்க வேண்டும். மகள் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு கண்ணு. என்ன பண்ணட்டும்?”

“தெனமும் சொன்னேன்ல. அப்ப எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணுன” என்றாள் கோகிலவாணி. “இப்ப மட்டும் ஏம்ப்பா என்னைய கேக்கற?”

என் மூன்று முடிவுகளிலும் இந்தப் பெண் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

கிளார்க் இன்னும் வரவில்லை. பேனா மேசையில்தான் இருக்கிறது. அவள் கேட்டதற்குப் பதில் தெரிந்தவர் யாராவது இருந்தால், மேற்கொண்டு எழுதலாம்.