வாசலில் கழற்றியது

முப்பது வருடம் சிப்பி உடைத்ததில் என் விரல் ரேகைகள் தேய்ந்துவிட்டன. எங்கள் துறைமுக ஊரான தொங்யோங்கில் இது யாருக்கும் புதிதல்ல. அடையாள அட்டையைப் புதுப்பிக்க, எங்கள் சிப்பிக் கொட்டகைப் பெண்கள் ரேகைக்குப் பதில், கணினியோடு ஆடும் ஆட்டத்தில்தான் உட்கார வேண்டும். திரையில் படம் கிடையாது, எழுத்து மட்டும். அது ஓர் இடத்தைச் சொல்லும். அங்கே என்ன செய்வோம் என்று நாம் தட்ட வேண்டும். நம் பழைய பதிவுகளோடு பதில் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு மதிப்பெண். நூற்றுக்கு எழுபது எடுத்தால் நாம் நாமே.

மூன்று வாய்ப்புதான். இரண்டில் தோற்றிருந்தேன். அறுபத்தொன்று, அறுபத்துநான்கு.

இதற்கிடையில் தேகு நகரத்தில் யாரோ ஒருத்தி, தோ ஹேரான் என்ற என் பெயரில், என் பதிவெண்ணில் உட்கார்ந்து தொண்ணூற்றுமூன்று எடுத்திருந்தாள். இன்றும் நான் தோற்றால் பெயர் அவளுக்கு. பெயரோடு, துறைமுகத்துக்கு மேலே இருக்கும் என் வீடும்.

"உன் பழைய மெசேஜ், கடை ரசீது, வீட்டுப் பூட்டு எண் எல்லாத்தையும் எவனோ வித்திருப்பான். உக்காந்து படிச்சிருப்பா" என்றாள் ஒக்ஜா அக்கா. கொட்டகையில் என் பக்கத்தில் உட்காருபவள். கத்தியை நிறுத்தாமல் பேசுவாள். "வீட்டு வாசல்னு வந்ததும் நீ என்ன அடிச்ச?"

"உள்ள போறேன்னு."

"பூட்ஸோடயா?"

"அத எவளாவது சொல்லுவாளா அக்கா?"

"அவ சொல்லியிருப்பாடி. படிச்சு வந்தவ எதையும் விடமாட்டா."

"அப்ப மூச்சு விட்டேன்னும் அடிக்கவா?"

"அடிச்சுத் தொலை. அந்தப் பெட்டிக்கு உன் காலு தெரியுமா என்ன?"

மதியம் அட்டை அலுவலகத்துக்குப் போனேன். ஊழியன் கில்சூ நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ரொம்ப யோசிக்காதீங்கம்மா. யோசிச்சா மார்க் போயிடும்."

"தேகுல இருக்கறவ பொய்யின்னு உனக்குத் தெரியலையா?"

"அவங்களும் உங்களப் பத்தி இதையேதான் சொல்றாங்க."

திரை எழுதியது.

நீ உன் வீட்டு வாசலில் நிற்கிறாய். வேலை முடிந்துவிட்டது.

கதவைத் திறக்கிறேன் என்று தட்டினேன். பிறகு, பூட்ஸைக் கழற்றுகிறேன்.

திரை கேட்டது.

முன்பு இரண்டு முறையும் நீ கழற்றவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது?

யாரும் இல்லை. எப்போதும் கழற்றுவேன் என்று தட்டினேன்.

சமையலறையில் ஒருவர் இருக்கிறார். என்ன செய்கிறாய்?

யாரும் இருக்க முடியாது. நான் தனியாள்.

இருக்கிறார்.

இல்லை என்று மறுபடியும் தட்டினேன். பிறகு எண் வந்தது. ஐம்பத்தெட்டு.

கில்சூ என் பழைய அட்டையை எடுத்து இழுப்பறையில் போட்டான்.

"அஞ்சு மணிக்கு பேரு, வீடு எல்லாம் தேகுக்காரங்களுக்கு மாறிடும்மா. அதுக்குள்ள உங்க சாமான் ஏதாவது இருந்தா…"

"என்ன பேரச் சொல்லிக்கிட்டு நான் வெளிய போறது?"

அவன் அடுத்தவரைக் கூப்பிட்டான்.

மணி மூன்றே முக்கால். வீட்டுப் படிகளில் வேகமாக ஏறினேன். பூட்டின் எண்ணை அழுத்தினேன். கதவு திறந்தது.

உள்ளே, நான் பூட்ஸை விடும் இடத்தில், ஒரு ஜோடி காலணி. என்னுடையதல்ல. எங்கள் ஊர் வழக்கப்படி முனை வாசலைப் பார்த்திருந்தது. அவ்வளவு ஒழுங்காக நான் ஒருநாளும் வைத்ததில்லை. சமையலறையிலிருந்து கடற்பாசி சூப் மணந்தது. நான் போடும் அளவுக்கே பூண்டு.

"யாருங்க?" என்றது ஒரு பெண் குரல். பயமில்லாத குரல். வீட்டுக்காரியின் குரல்.

பதிலுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் என் கால்கள் பூட்ஸைக் கழற்றியிருந்தன.