காணாமற்போன நாற்பது பேர்

ஐந்தாவது வருஷமாக ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டபோது, கமலாக்ஷிக்குத் தன் ஆய்வேட்டைக் கண்டாலே கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. எர்ணாகுளத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். காலை போட்டில் போய்ச் சாயங்கால போட்டில் மட்டாஞ்சேரி திரும்புவாள். எழுத வாய்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதிலும் பாதி துணி துவைப்பதில் போய்விடும்.

எடுத்துக்கொண்டதோ ராணுவ வரலாறு. உலகப் போரின்போது அஸ்ஸாம் எல்லையில் சாலை வெட்ட இந்தப் பக்கத்திலிருந்து ரயிலேற்றிக் கொண்டுபோன கூலிப் படைகளைப் பற்றி எம்.லிட். பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளைக்குப் பட்டாளம் என்னத்துக்கு என்று கேட்காத ஒரே ஆள் அவள் கணவர் ராமபத்ரன். வில்லிங்டன் தீவில் தேயிலைக் கம்பெனி குமாஸ்தாவான அவர் எதையுமே கேட்கிறவரில்லை.

ஆய்வின் உயிர் நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. 1943இல் ஒரு கூலிப் பிரிவைப் பற்றிய அரசாங்க அறிக்கை ‘இறந்தோர் ஒன்பது, காணாமற்போனோர் நாற்பது’ என்று ஒரே வரியில் முடித்திருந்தது. நடுக்காட்டில் நாற்பது பேர் எங்கே காணாமற்போவார்கள்? அதற்கு விடை சொன்னவர் பஜாரில் பழைய சாக்கு வியாபாரம் செய்த சிகாபுதீன். பாலக்காட்டு ராவுத்தர். அந்தப் பிரிவில் இருந்தவர். மூன்று வருஷம் முன்பு, சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து, காலராவில் நாற்பது பேரும் செத்ததையும் கணக்கில் காட்டாமல் ஆற்றங்கரையில் புதைத்ததையும் அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதிக்கொண்டாள். அறுபத்திரண்டு பக்கம் வந்தது. அறிக்கை பொய் என்பதுதான் அவளுடைய வாதம்.

வழிகாட்டியான பிஷாரடி சார் அந்த அத்தியாயத்தை நான்காம் தடவையாகத் திருப்பி அனுப்பினார். வாய்ச்சொல் ஆதாரமாகாது, முத்திரைத் தாளில் சாட்சியின் கையெழுத்தாவது வேண்டும் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

மறுநாள் மழையில் புடவை நனைய அவள் சாக்குக் கடைக்குப் போனாள். உள்ளே மிளகும் ஈரச் சணலும் கலந்த வாடை. சிகாபுதீன் கிழிந்த சாக்குகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் நீட்டிய தாளைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

“இது என்னத்துக்கு டீச்சர், முத்திரைக் காகிதம்?”

“ஒரு ஒப்பு, கையெழுத்துதான், போட்டாப் போறும். நீங்க சொன்னதெல்லாம் சத்தியம்னு.”

அவர் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

“சத்தியமில்லையே டீச்சர்.”

“எந்தா சொல்றேள்?”

“ஒம்பது பேர் மவுத்தானது நெசம். பாக்கி நாப்பது பேரு ஓடிப்போனோம். நானும்தான்.”

கமலாக்ஷி சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கால்தான் வலித்தது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். ஆலத்தூர்க்காரன் ஒருத்தன், ஒரே ரயிலில் வந்தவன், காய்ச்சலில் செத்தான். குழி வெட்டியவர்களில் இவரும் ஒருவர். மூடி முடித்ததும் மேஸ்திரி செத்தவனுடைய கம்பளியை எடுத்து இவர் தோளில் போட்டான். “அன்னிக்கு முழுக்க மழை. வேற கதியில்லாம அதையே போத்திட்டுக் கெடந்தேன். அவன் உடம்புச் சூடு அதுல இன்னும் இருக்குற மாதிரியே இருந்துச்சு. வெளுக்கறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நடந்துட்டேன். திரும்பிப் பாத்தா பின்னாடி ஆளுங்க வந்துட்டிருக்காங்க. நான் யாரையும் கூப்பிடலை. பன்னெண்டு நாள் நடை. உசுரோட போய் ரயிலைப் பாத்தது இருபத்தாறு பேரு.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? செத்தவனுக்கு ஒரு மரியாதை இருக்கு. ஓடினவனுக்கு என்ன இருக்கு?”

நாற்பது பேர் ஓடியது, அவர் சொன்ன பொய்யை விடப் பெரிய விஷயம் என்று அவளுக்குப் புரிந்தது. இப்படி ஒரு சாட்சி எந்தப் புத்தகத்திலும் அவள் கண்ணில் பட்டதில்லை. “பேரைப் போடாம எழுதட்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம் டீச்சர். அந்தப் பிரிவுல இருந்து வந்து மட்டாஞ்சேரியில இருக்கறது நான் ஒருத்தன். பேரு இல்லேன்னாலும் தெரிஞ்சுபோகும். மக ஜலீலாவுக்கு நிக்காஹ் பேசியிருக்கு. மாப்பிள்ளை பட்டாளத்துல இருக்கான்.”

முத்திரைத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். ராமபத்ரன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

“ஒப்பு வாங்கியாச்சா?”

“இல்லை. அறுபத்திரண்டு பக்கமும் போச்சு.”

அவர் செய்தித்தாளை மடித்தார். “அப்போ விட்டுடேன், கமலா.”

விட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. ஆனால் ஐந்து வருஷத்தை விட்டுவிடவும் தெம்பு வேண்டியிருந்தது. எழுதி முடிப்பது அதைவிடச் சுலபமாகப் பட்டது. ஓணம் கழிந்து, ஐப்பசியான துலாம் மாதமும் போனது. அறிக்கை பொய் என்று எழுதிய இடத்தையெல்லாம் தேடித் தேடி அடித்தாள். நாற்பது பேரும் மறுபடி ‘காணாமற்போனோர்’ ஆனார்கள். ஒரே பத்தியில் அடங்கினார்கள். ஆதாரம் கிடைக்கவில்லை என்று பிஷாரடி சாரிடம் சொன்னாள். “நான் அப்போதே சொன்னேனே” என்றார் அவர். அதையும் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஓய்வுபெற்ற ஒரு கர்னல். மெலிந்த, வெள்ளை மீசைக்காரர். ஒரு மணி நேரம் சாலை, பாலம், அரிசி, கோவேறு கழுதை என்று கேட்டுக்கொண்டே போனவர், நான்காம் அத்தியாயத்தில் விரலை வைத்தார்.

“எல்லா இடத்திலும் நின்று நிதானித்து எழுதுகிறீர்கள். இந்த நாற்பது பேரிடம் மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்?”

தூங்காமல் ரயிலில் வந்த களைப்பில் அவளுக்குச் சாமர்த்தியமான பதில் எதுவும் வரவில்லை. ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு, கம்பளியைப் பற்றிச் சொன்னாள். வெளுக்கும் முன் எழுந்து நடந்த மனிதனைப் பற்றிச் சொன்னாள்.

பிஷாரடி சார் ஜன்னலைப் பார்த்தார்.

“இது ஏன் ஏட்டில் இல்லை?” என்றார் கர்னல்.

“எழுதச் சம்மதமில்லை, சார்.”

“யாருக்கு?”

“அதைச் சொல்லவும் சம்மதமில்லை.”

கர்னல் பேனாவை மூடினார். “அந்தச் சாலையில் நான் ஜீப்பில் போயிருக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாளைத் திருப்பினார். மாலையில் தேறிவிட்டதாகச் சொல்லிக் கை குலுக்கினார்கள். பி.எச்.டி.க்குப் பதிந்துகொள்ளச் சொன்னார் பிஷாரடி சார். கொஞ்ச நாள் போகட்டும் என்றாள்.

ஊர் திரும்பிய அன்று படகு ஜெட்டியிலிருந்து நேரே சாக்குக் கடைக்குப் போனாள். கடையில் கூட்டமில்லை. பேர் சொல்லாமல் ஒருவரிடம் சொல்லிவிட்டதை ஒளிக்காமல் சொன்னாள்.

சிகாபுதீன் முகம் வெளுத்தது. “பட்டாளக்காரரா?”

“ஆமாம். பழைய ஆள்.”

“என்ன சொன்னாரு? ஓடுகாலின்னாரா?”

“இல்லை. அப்படி ஒண்ணும் சொல்லலை. பேனாவை மூடி வெச்சுட்டார்.”

அவர் கிழிந்த சாக்கு ஒன்றை எடுத்து மடித்து வைத்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, “நசீபா, டீச்சருக்கு ஒரு சாயா” என்றார். கமலாக்ஷி செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்குக் கட்டின்மேல் சாய்ந்தாள். சாயா வருவதற்குள் தூங்கிப்போனாள்.